கப்பலிலிருந்து பார்த்த சொந்த ஊர்

காலை ஏழரை மணிக்கே அம்மா கப்பலின் மேல்தளத்துக்கு வந்துவிட்டார். கையில் ஒரு குவளை தேநீர். கரையைப் பார்த்தபடி கேட்டார்: “இதுவாய்யா மலாக்கா? லேடாங் மலையைக் காணோமே?”

கரையோரம் மாடிக் கட்டடங்கள் தெரிந்தன. அதற்குப் பின்னால் ஒரே மங்கல். மலை தெரியவில்லை.

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் மகள் பாட்டிக்காக எடுத்த பயணச்சீட்டு இது. அம்மாவுக்கு எழுபத்தாறு வயது. அவருடைய அப்பா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி மலாயாவுக்கு வந்தவர். அம்மா ஏறிய முதல் கப்பல் இதுதான். ஆசாஹான் பக்கம் ஒரு தோட்டத்தில் முப்பது வருடத்துக்கு மேல் பால்மரம் வெட்டியவர், மலாக்கா கோட்டையைப் பேருந்து ஜன்னல் வழியாக மட்டும்தான் பார்த்திருக்கிறார். தீபாவளித் துணி எடுக்கவும் பெரிய ஆஸ்பத்திரிக்கும்தான் டவுனுக்கு வருவாராம். “கோட்டைக்குள்ள நமக்கு என்ன வேலை?” என்பார்.

மலாக்காவில் பெரிய கப்பல் கரையை ஒட்டி நிற்க முடியாது, ஆழம் போதாது. நங்கூரம் போட்டுவிட்டுச் சிறு படகில் ஏற்றி விடுகிறார்கள். மாலை நான்கு மணிக்குக் கடைசிப் படகு. எங்களுக்குக் கிடைத்தது ஐந்தரை மணி நேரம்.

பயணக் குழுவோடு முதலில் போனது கோட்டை வாசலுக்கு. 1511-இல் அல்புகெர்க் மலாக்காவைப் பிடித்த கையோடு கட்டத் தொடங்கிய கோட்டை. சுல்தான் காலத்துப் பள்ளிவாசல்களின் கல்லும் கல்லறைகளின் கல்லும் அதற்குள் போயின. 1641-இல் அது டச்சுக்காரர் கைக்கு வந்தது. வாசலின் மேல் 1670 என்று அவர்கள் பொறித்த ஆண்டு இன்றும் தெரிகிறது. 1807-இல் பிரிட்டிஷார் கோட்டையை இடிக்க ஆரம்பித்தார்கள். ஊரைத் திருப்பிக் கொடுக்க வேண்டி வந்தால் மதில் டச்சுக்காரருக்குப் பயன்படக் கூடாது என்ற கணக்கு. மிஞ்சியது இந்த ஒரு வாசல்தான். அதைக் காப்பாற்றிய பெருமையை ராஃபிள்ஸுக்குக் கொடுக்கிறார்கள்.

வழிகாட்டிப் பையன் நன்றாகத்தான் பேசினான். போர்த்துகீசியர், டச்சு, பிரிட்டிஷ் என்று வரிசையாகச் சொல்லி முடித்தான். அம்மா என் சட்டையை இழுத்து, “நம்ம ஆளுங்க அப்ப எங்கய்யா இருந்தாங்க?” என்றார்.

உள்ளேயும் இருந்தார்கள், வெளியேயும் இருந்தார்கள். சுல்தான் காலத்தில் இந்தத் துறைமுகத்தில் நான்கு ஷாபண்டார்கள். வணிகர் எந்தக் கரையிலிருந்து வந்தார் என்பதைப் பொறுத்து ஆளுக்கொரு அதிகாரி. பழவேற்காட்டிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் துணி வந்தது, இங்கிருந்து வாசனைப் பொருள் போனது. தமிழ் வணிகர் நைனா சாட்டு, 1509-இல் இங்கே சிறைப்பட்ட போர்த்துகீசியர்களுக்கு உதவினார். ஊர் விழுந்ததும் இந்துக்களுக்குத் தலைவராகப் பதவி கிடைத்தது. 1514-இல் அந்தப் பதவியைப் பறித்துக் கம்பார் அரசருக்குக் கொடுக்க முடிவானதும் அவர் சிதை மூட்டி அதில் இறங்கிவிட்டார். இதை எழுதி வைத்தவர்களும் போர்த்துகீசியர்கள்தாம்.

இடிப்பைப் பற்றி எழுதியவரோ இந்த ஊர்ப் பிள்ளை. 1796-இல் பிறந்த முன்ஷி அப்துல்லா. கொள்ளுத்தாத்தா ஏமனிலிருந்து வந்து நாகூரில் பெண் எடுத்தவர். அந்தக் காலத்தில் மலாக்காவின் வசதியான வீட்டுப் பிள்ளைகள் தமிழ் படிப்பது வழக்கம் என்று அப்துல்லா எழுதுகிறார், அவரும் படித்திருக்கிறார். மதிலில் பேய் இருக்கிறதென்று கூலியாட்கள் பயந்ததையும், கடைசியில் வெடிமருந்து வைத்துத் தகர்த்ததையும் அவர் எழுத்தில்தான் படிக்கிறோம்.

இதையெல்லாம் நின்றபடியே சொன்னேன். அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, “பேய்னு பயந்தது நம்ம ஆளுங்களாத்தான் இருக்கும்” என்றார்.

செயின்ட் பால் குன்றுக்குப் படி அதிகம், அம்மாவுக்கு முழங்கால் ஒத்துழைக்காது. குழுவிடம் சொல்லிவிட்டு மூவரும் ஆற்றைத் தாண்டினோம். ஜாலான் துக்காங் எமாஸில் இருக்கிறது ஸ்ரீ பொய்யாத விநாயகமூர்த்தி ஆலயம். செட்டி சமூகத் தலைவர் தெய்வநாயகம் செட்டிக்கு டச்சுக்காரர் கொடுத்த நிலத்தில் 1781-இல் எழுந்தது. கொஞ்சம் தள்ளி 1748-இல் இந்திய முஸ்லிம் வணிகர்கள் அமைத்த பள்ளிவாசல், அடுத்த தெருவில் சீனர் கோயில். நடை சாத்தும் நேரத்துக்குச் சற்று முன்புதான் போய்ச் சேர்ந்தோம். நீங்கள் போனால் முதலில் இங்கே வாருங்கள். கோட்டை வாசலை யாரும் மத்தியானம் சாத்துவதில்லை!

அங்கிருந்து வாடகைக் காரில் காஜா பேராங், கம்போங் செட்டி. சுல்தான் காலத்துத் தமிழ் வணிகர்களின் வழித்தோன்றல்கள் வாழும் கிராமம். வீட்டு வாசலில் மாவிலைத் தோரணம். நெற்றியில் திருநீறும் இடுப்பில் சாரோங்குமாக ஒரு மூதாட்டி உட்கார்ந்திருந்தார். அம்மா, “நல்லா இருக்கீங்களா அக்கா?” என்றார். அவர் சிரித்து, மலாயில் பதில் சொன்னார். வீட்டில் பேசுவது மலாய்தான், தமிழ் மந்திரமும் பெயரும் சாமியும் மட்டும் தங்கியிருக்கின்றன. அம்மா தன் தோட்டத்து மலாயில் சமாளித்தார். இருவரும் போகிப் படையலைப் பற்றிப் பேசினார்கள். முன்னோருக்கு வாழையிலையில் சோறு வைப்பது அங்கேயும் உண்டு. பத்து நிமிடம் என்று போனவர்கள் முக்கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டோம்.

காரில் ஏறியதும் அம்மா சொன்னார்: “பேச்சு போனாலும் இருந்த இடத்திலேயே இருக்காங்கய்யா.”

எனக்குப் பதில் தெரியவில்லை. மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டம் 1896-இல் இதே மாநிலத்தில், புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் போட்டது. அதைத் தொடர்ந்து வந்த தோட்டங்களில்தான் எங்கள் குடும்பத்தின் மூன்று தலைமுறை. எங்கள் தோட்டம் கைமாறி, லயங்களை இடித்து இருபது வருடம் ஆகிறது. நான் படித்த லயத்து வீடு இருந்த இடத்தில் இப்போது செம்பனை.

“தோட்டத்துக்குப் போய்ட்டு வரலாமா?” என்று மகள் கேட்டாள். மணி இரண்டேகால். போகவும் வரவும் ஒன்றரை மணி நேரமாவது ஆகும். சாலையில் கொஞ்சம் நெரிசல் என்றாலும் கப்பல் போய்விடும். நான் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கையில் அம்மாவே, “வேணாம், அங்க யாரு இருக்கா? ஒரு செண்டோல் வாங்கிக் கொடு, போதும்” என்றார். கூலா மலாக்கா போட்ட செண்டோல். மறுபேச்சில்லாமல் குடித்து முடித்தார்.

மாலையில் கப்பல் நங்கூரம் எடுக்கும்போது அம்மா மறுபடி மேல்தளத்துக்குப் போனார். மேற்கு வெயில் கரைமேல் விழுந்து மங்கல் கலைந்திருந்தது. ஊருக்குப் பின்னால், நீல நிறத்தில், லேடாங். பழைய மாலுமிகள் திசை பார்த்த மலை. 1,276 மீட்டர்.

அம்மா பேத்தியை அருகே இழுத்துக் கையை நீட்டினார். “அந்தா, இடது பக்கமா சரியுது பாரு, அதுக்குக் கீழதான் நம்ம லயம். காலையில பால் வாளியோட நிக்கறப்ப மலைக்கு மேல தொப்பி மாதிரி மேகம் நிக்கும். நின்னா அன்னிக்கு மழை, வேலை இல்லை.”

மகள் கைப்பேசியில் பெரிதாக்கிப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை என்றாள். “போன்ல தெரியாதுடி” என்று சொல்லிவிட்டு, இருட்டும்வரை அம்மா அங்கேயே நின்றார்.