எலி ஆய்வகத்திலிருந்து நாடாளுமன்றம் வரை: 14 நாள் விதிக்குப் பின்னால் ஒரு இயக்குநர்

பல்கலைக்கழக ஆய்வு மையத்துக்கு இயக்குநர் ஆவது என்றால் என்ன? நிதி கேட்டு விண்ணப்பம், ஆள் எடுப்பு, மீட்டிங், கையெழுத்து. நல்ல விஞ்ஞானியை மைக்ராஸ்கோப் முன்னாலிருந்து எழுப்பிவிடும் வேலை என்றுதான் பலரும் நினைப்பார்கள். ஆன் மெக்லாரன் விஷயத்தில் கதையே வேறு.

1974-ல், லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் இயங்கிய பாலூட்டி வளர்ச்சி ஆய்வுப் பிரிவுக்கு அவர் இயக்குநர் ஆனார். நடத்தியது பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில். அப்போது அவருக்கு வயது 47. ஏற்கெனவே பெயர் வாங்கியவர்தான். சுண்டெலிக் கருக்களை உடலுக்கு வெளியே வளர்த்து, வேறொரு எலியின் கருப்பையில் வைத்து, குட்டிகள் பிறந்ததை 1958-லேயே ஜான் பிகர்ஸுடன் சேர்ந்து அறிவித்திருந்தார். உலகில் அதுதான் முதல் முறை.

புதிய பொறுப்பில் அவர் பிடித்துக்கொண்ட கேள்விகள் அடிப்படையானவை. கருமுட்டையாகவோ விந்தணுவாகவோ மாறப்போகும் செல்கள் எப்படி உருவாகின்றன? கரு ஆணா, பெண்ணா என்பதை எது முடிவு செய்கிறது? 'எச்-ஒய் ஆன்டிஜென்' என்ற பொருள்தான் விரைகளை உருவாக்குகிறது என்று அப்போது பரவலாக நம்பினார்கள். அது இல்லாமலேயே எலிகளில் விரைகள் வளர்வதை அவரும் சகாக்களும் 1984-ல் காட்ட, அந்த நம்பிக்கை கவிழ்ந்தது. 1990-ல் உண்மையான ஜீனான 'எஸ்ஆர்ஒய்'யைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான ராபின் லோவல்-பேட்ஜ், இந்தப் பிரிவில் வேலை பார்த்தவர்.

இதெல்லாம் எலி சமாச்சாரம். 1978-ல் முதல் ஐவிஎஃப் குழந்தை லூயிஸ் பிரவுன் பிறந்ததும் கேள்வி மனிதர் பக்கம் திரும்பியது. மனிதக் கருவை ஆய்வகத்தில் எத்தனை நாள் வைத்திருக்கலாம்?

இதற்கு விடை தேட, 1982-ல் தத்துவவாதி மேரி வார்னாக் தலைமையில் அரசு ஒரு குழு அமைத்தது. மெக்லாரனும் அதில் உறுப்பினர். கரு என்றால் என்ன, எந்த நாளில் அதில் என்ன நடக்கிறது என்று மற்றவர்களுக்குப் புரியவைத்தது அவர்தான். 1984 அறிக்கை சொன்ன எல்லை: 14 நாள்.

சரி, ஏன் 14? கிட்டத்தட்ட 15-வது நாளில் கருவில் 'பிரிமிடிவ் ஸ்ட்ரீக்' என்ற கோடு தோன்றும். உடலின் தலை எது, வால் எது என்ற திசை அதில்தான் அமைகிறது. அதற்கு முன் ஒரே கரு இரண்டாகப் பிரிந்து இரட்டையராகலாம். நரம்பு செல்லும் கிடையாது. ஆக, 14 சும்மா பிடித்த எண் இல்லை. அதே சமயம் இயற்கை எழுதிக்கொடுத்த சட்டமும் இல்லை. எல்லாரும் எண்ணிப் பார்க்கக்கூடிய ஒரு சமரசம்.

அறிக்கை வந்ததோடு பிரச்சினை முடிந்துவிடவில்லை. கரு ஆராய்ச்சியையே தடை செய்ய ஈனக் பவல் கொண்டுவந்த மசோதா, 1985-ல் 238-66 என்ற கணக்கில் இரண்டாம் வாசிப்பைத் தாண்டியது. நேரம் போதாமல்தான் விழுந்தது. மெக்லாரன் போன்றவர்கள் எம்.பி.க்களிடம் பொறுமையாகப் பேசிப் பேசி, 1990-ல் 14 நாள் எல்லை சட்டமானது. இயக்குநர் வேலையில் இந்தப் பகுதிக்குத்தான் யாரும் பயிற்சி தருவதில்லை!

1992-ல் அவர் பொறுப்பிலிருந்து ஓய்வு பெற்று கேம்பிரிட்ஜுக்குப் போனார். அதற்குள் ராயல் சொசைட்டியில் 330 ஆண்டுகளில் நிர்வாகப் பதவிக்கு வந்த முதல் பெண்ணும் ஆகியிருந்தார். 2007-ல் கார் விபத்தில் இறந்தார்.

இந்தியாவின் 2017 ஸ்டெம் செல் வழிகாட்டுதலிலும் அதே 14 நாள்தான். ஆனால் 2016-ல் மனிதக் கருவை 13 நாள் வரை ஆய்வகத்தில் வளர்த்துவிட்டார்கள். அதற்கு முன் அந்த எல்லையை நெருங்கவே யாராலும் முடியவில்லை. 2021-ல் சர்வதேச ஸ்டெம் செல் ஆராய்ச்சி சங்கம், 14 நாளைத் தாண்டுவதை முழுத் தடைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. இனி எத்தனை நாள் என்ற பேச்சு மறுபடி ஆரம்பித்திருக்கிறது.