விவாகரத்துக்குப் பின் பிள்ளை யாரிடம்?

நகை, சீர்வரிசை, ஜீவனாம்சம் எல்லாம் பேசித் தீர்த்த பிறகும் குடும்ப நல நீதிமன்றத்தில் தீராமல் நிற்பது பிள்ளை யாரிடம் இருப்பது என்ற கேள்விதான்.

பிள்ளையை உடன் வைத்து வளர்ப்பது ஒன்று. அதன் சொத்துக்கும் சட்ட விவகாரங்களுக்கும் பாதுகாவலராக இருப்பது வேறு. 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் பாதுகாவலர் சட்டம் தந்தையை முதல் இயற்கைப் பாதுகாவலர் என்கிறது. ஆனால், தந்தை உயிருடன் இருந்தும் பிள்ளையைக் கவனிக்காத நிலையில் தாயே பாதுகாவலராகச் செயல்படலாம் என்று கீதா ஹரிஹரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1999இல் தெளிவாக்கியது. ஐந்து வயது நிறையாத குழந்தை பொதுவாகத் தாயிடமே இருக்கும். வயது ஏறினால், விவரம் தெரிந்த பிள்ளையின் விருப்பத்தையும் நீதிபதி கேட்கலாம். சம்பளம் அதிகம் என்பதால் மட்டும் யாருக்கும் பிள்ளை கிடைத்துவிடாது. நீதிமன்றம் முதலில் பார்ப்பது பிள்ளையின் நலனை.

வழக்கு முடியும்வரை இடைக்கால உத்தரவு, பிறகு நிரந்தர உத்தரவு. பெரும்பாலும் ஒருவரிடம் பிள்ளை. மற்றவருக்குச் சந்திக்கும் உரிமை. இருவரும் மாறி மாறி வளர்க்கும் கூட்டுப் பொறுப்பைச் சட்ட ஆணையம் 2015இல் பரிந்துரைத்தது. பெற்றோர் இருவருமே தகுதியற்றவர்கள் என்றால் தாத்தா பாட்டியிடமும் ஒப்படைக்கலாம்.

சண்டை மூளுவது சந்திக்கும் உரிமையில்தான். 'மாதம் இருமுறை பார்க்கலாம்' என்று மொட்டையாக எழுதிய மனு, அடுத்த மாதமே வம்பில் முடியும். எந்த ஞாயிறு, எத்தனை மணி முதல் எத்தனை மணிவரை, யார் அழைத்துவந்து விடுவது, கோடை விடுமுறையில் எத்தனை நாள், பொங்கல் யாரோடு, வீடியோ கால் எப்போது, பாஸ்போர்ட் யாரிடம் இருக்கும் என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். ஜீவனாம்சம் வரவில்லை என்பதற்காகப் பிள்ளையைக் காட்ட மறுப்பது பெரும் தவறு. பணத்துக்குத் தனியே மனு போடலாம். அப்பாவையோ அம்மாவையோ பார்க்காமல் போன மாதங்களைப் பிள்ளைக்கு யாரும் திருப்பித் தர முடியாது.

பரஸ்பர சம்மத மனுவில் கையெழுத்துப் போடும் முன் பிள்ளை பற்றிய பத்தியை வக்கீலோடு உட்கார்ந்து வரிவரியாகப் படியுங்கள். போட்டது போட்டதுதான் என்றும் கலங்க வேண்டாம். இந்து திருமணச் சட்டத்தின் 26ஆவது பிரிவின்படி, விவாகரத்து முடிந்த பிறகும் சூழ்நிலை மாறினால் உத்தரவை மாற்றக் கோரி மனு செய்யலாம்.