தேதி தவறிய மறுநாள்

2025 செப்டம்பர், காரைக்குடியில் கொலு வைத்திருந்த வாரம். பிள்ளைகளுக்குக் காலாண்டுத் தேர்வு. அந்த வாரம் 23 அல்லது 24ஆம் தேதி இயேசு வந்து தம்முடையவர்களை எடுத்துக்கொண்டு போய்விடுவார் என்று தென்னாப்பிரிக்காவின் ஜோஷுவா ம்லகேலா ஒரு யூடியூப் பேட்டியில் சொல்லியிருந்தார். தரிசனத்தில் ஆண்டவரே சொன்னாராம். டிக்டாக்கில் உலகமெங்கும் அதே பேச்சு. நம் நாட்டில் டிக்டாக்குக்கு 2020 முதல் தடை இருந்தென்ன, வாட்ஸ்அப்புக்கு இல்லையே. சொன்ன இரண்டு நாளும் வந்தன, போயின. அப்புறம் அக்டோபர் 6, 7 என்று புதுத் தேதி கிளம்பியது.

கொடுக்கல் வாங்கலில் ஊறிய செட்டிநாட்டில் இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. கெடு தவறியவன் வாய்தா கேட்கிற கதைதான்.

நாள் குறிப்பது மனிதர் வேலையில்லை என்று மத்தேயு 24ஆம் அதிகாரம் எப்போதோ தீர்த்துவைத்துவிட்டது. ஞாயிறு பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த விடை. இருந்தும் தலைமுறைக்கு ஒருமுறையாவது நல்ல விசுவாசிகள், படித்தவர்கள், ஜெபிக்கிறவர்கள் ஒரு தேதியில் போய் விழுகிறார்கள். அவர்களை முட்டாள்கள் என்று சொல்லிவிட்டால் நமக்கு வேலை மிச்சம். ஆனால் அது உண்மையில்லை.

ஜஸ்டஸ் ஜோசப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பாலக்காட்டுப் பக்கம் வேரூன்றிய தமிழ் பிராமணக் குடும்பத்தவர், முன்பெயர் ராமய்யன். 1861இல் குடும்பத்தோடு ஞானஸ்நானம் பெற்று, திருவிதாங்கூரில் சி.எம்.எஸ். மிஷனின் போதகரானார். ‘வித்வான்குட்டி’ என்று ஊர் அழைத்த அளவுக்குப் புலமை. அவருக்குள் பற்றிய நெருப்பு தமிழ்நாட்டிலிருந்து போனது. வத்திராயிருப்பு அருகே கிறிஸ்தியான்பேட்டையில் ஜான் கிறிஸ்தியான் அருளப்பன் என்பவர் விவசாயக் கிராமம் ஒன்றை அமைத்து, வெளிநாட்டு மிஷன் சம்பளத்தை நம்பாமல் ஊழியம் செய்துகொண்டிருந்தார். அங்கே 1860இல் பெரிய எழுப்புதல்: அழுகை, நடுக்கம், அந்நிய பாஷை. அருளப்பன் 1867இல் காலமானார். அந்த அலை 1870களில் திருவிதாங்கூரைத் தொட்டது. வித்வான்குட்டியின் கூட்டம் அதில் மூழ்கி எழுந்து, கடைசியில் ஒரு கணக்குக்கு வந்து நின்றது. 1881இல் ஆண்டவர் வருகிறார்.

வரவில்லை. பலர் கலங்கிப்போய்ப் பழைய சபைகளுக்கே திரும்பினார்கள். எஞ்சியவர்களை வைத்து வித்வான்குட்டி ‘யுயோமயம்’ என்று ஒரு புதிய மார்க்கமே தொடங்கிவிட்டார்.

அருளப்பனும் ஆண்டவரின் வருகையை எதிர்பார்த்தவர்தான். அவர் ஆசான்களில் ஒருவர் பிளைமவுத் சகோதரர் இயக்கத்தின் அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ். அந்த இயக்கத்துக்கு வருகை என்பது மூச்சுக்காற்று. ஆனால் அந்த எதிர்பார்ப்பு வத்திராயிருப்பில் ஒரு ஊராக, விளைநிலமாக நின்றது. அதுவே திருவிதாங்கூரில் தேதியாக மாறியபோது சபையையே உடைத்தது. இந்த ஒரு வித்தியாசத்தைத்தான் நம் போதகர்கள் சனங்களுக்குக் காட்ட வேண்டும் என்பது என் கட்சி.

இன்னொன்றையும் அந்தக் கதையிலிருந்து எடுக்கலாம். வித்வான்குட்டி இயற்றிய பாடல்களைக் கேரளச் சபைகள் இன்றும் பாடுகின்றன. அவர் கணக்கைத் தள்ளினார்கள், பாட்டைத் தள்ளவில்லை.

எல்லோரும் வித்வான்குட்டியைப் போல வெள்ளந்திகள் இல்லை. தென்கொரியாவில் லீ ஜாங் ரிம் 1992 அக்டோபர் 28 என்று நாள் குறித்தார். வேலையை விட்டவர்கள், வீட்டை விற்றவர்கள் ஏராளம். விசாரித்துப் பார்த்தால், அவர் கையில் 1993இல் முதிர்வடையும் கடன் பத்திரங்கள்! மோசடி வழக்கில் சிறைக்குப் போனார். ஆகவே தீர்க்கதரிசனம் சொல்கிறவரிடம் வெளிப்படுத்தின விசேஷத்தின் அதிகாரம், வசனமெல்லாம் கேட்பதற்கு முன்னால் அவருடைய வைப்பு நிதி எப்போது முதிர்கிறது என்று கேட்கலாம். நம்மிடம் நகையைக் கேட்கிறாரா, பிள்ளையின் படிப்பை நிறுத்தச் சொல்கிறாரா, மாத்திரையை விடச் சொல்கிறாரா என்பதும் அதே வரிசைக் கேள்விகள். வருகை சமீபம் என்று வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்தவர்கள் தெசலோனிக்கே சபையிலேயே இருந்ததாகச் சொல்வார்கள்.  உழைக்க மனமில்லாதவனுக்குச் சோறில்லை என்று பவுல் அவர்களுக்கு எழுதிவிட்டார்.

வெளிப்படுத்தின விசேஷத்தில் வரும் ‘மிருகத்தின் முத்திரை’யான 666 பற்றிய பயமும் இதே குடும்பம்தான். பார்கோடு, தடுப்பூசி என்று ஒவ்வொன்றாக அந்தப் பட்டியலில் ஏறின. மிசோரமில் ஆதார் அட்டையையே 666 என்று மறுத்தவர்கள் உண்டு. ரேஷன் கடையில் கைரேகை வைக்கப் பயப்படுகிற பாட்டிக்கு, அந்தப் புத்தகம் ரோமப் பேரரசின் கொடுமைக்குள் இருந்த சபைகளுக்கு எழுதப்பட்டது என்று யாராவது உட்கார்ந்து சொல்லவேண்டும். யார் சொல்கிறார்கள்?

இங்கேதான் எனக்குக் கோபம். கத்தோலிக்க ஆலயத்திலும் சி.எஸ்.ஐ. ஆலயத்திலும் கிறிஸ்து மறுபடி வருவார் என்று விசுவாச அறிக்கையில் சொல்கிறார்கள். அதைப் பற்றிப் பிரசங்கம் கேட்டு எத்தனை வருடமாகிறது? பெந்தெகொஸ்தே சபைகளிலோ வருடம் முழுக்க ‘இரகசிய வருகை’, ‘உபத்திரவ காலம்’. ஆகவே ஒரு தேதி கிளம்பும்போது மறுத்துப் பேசப் போதகருக்குக் கூச்சம். விசுவாசம் குறைந்தவர் என்று பெயர் வந்துவிடுமே. முதல் வகைப் போதகர் சிரித்துவிட்டுப் போகிறார், இரண்டாம் வகையார் மௌனம். நடுவில் செல்போன் பேசுகிறது.

யாரும் தேதி குறிக்காமலே செட்டிநாட்டின் உலகம் ஒருமுறை முடிந்துபோயிருக்கிறது. 1930களின் கடைசியில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் நான்கில் ஒரு பங்கு நிலம் நகரத்தார் எனப்படும் செட்டியார்கள் கையில். 1942இல் ஜப்பான் படை நுழைந்ததும் பர்மாவிலிருந்த இந்தியர்கள் லட்சக்கணக்கில் ஓடிவந்தார்கள், பலர் காடு மலை வழியாக நடந்தே. பின்னால் சுதந்திர பர்மா நிலத்தை எடுத்துக்கொண்டது. எந்த ஜோசியரின் தேதியும் உதவவில்லை. ஊரில் கட்டிவைத்திருந்த பள்ளிகளும் ஊருணிகளும் மிஞ்சின.

தேதி தவறிய மறுநாள்தான் சபையின் வேலை ஆரம்பிக்கிறது. நம்பி ஏமாந்தவர் கோவிலுக்குள் வரும்போது, “என்ன, இன்னும் போகலையா?” என்று கேட்டால் அவர் அடுத்த ஞாயிறு வரமாட்டார், இன்னொரு தேதி சொல்பவரிடம் போவார். அமெரிக்காவில் வில்லியம் மில்லரின் சீடர்கள் 1844 அக்டோபர் 22 பொய்த்தபோது இப்படித்தான் கேலி சுமந்தார்கள். அந்த ஏமாற்றத்திலிருந்து எழுந்து அட்வென்டிஸ்ட் சபையை அமைத்தவர்கள் பிற்பாடு உலகமெங்கும் பள்ளியும் மருத்துவமனையும் நடத்தினார்கள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகள் திருவருகைக் காலம். அதன் முதல் ஞாயிறு வாசகமே இறுதிநாளைப் பற்றியதுதான். அன்று பத்து நிமிடம் ஒதுக்கி, நாள் குறித்தவர்கள் கதையைப் பெயர், வருடத்தோடு பீடத்திலிருந்தே சொல்லலாம். அடுத்த வீடியோ வருவதற்குள் சொல்லிவிட்டால் நல்லது.