வழி மறிபட்ட பிரயாணி

பெருவழிப் பிரயாணங்கள் – 9

சேர தேசத்திலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியே கொங்கு நாட்டுக்குள் வந்து இறங்கிய பழைய வர்த்தகப் பாதையைப் பற்றிச் சென்ற வாரம் பார்த்தோம். அந்தப் பாதையில் வந்த பிரயாணி ஒருவரின் சரித்திரத்தை இந்த வாரம் எடுத்துக்கொள்வதற்கு விசேஷமான காரணம் உண்டு. எங்கள் சேவூரிலும் அதைச் சுற்றிய ஊர்களிலும், பனியன் கம்பெனியில் வாரா வாரம் வாங்கும் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, முதுகில் ஒரே ஒரு பையைச் சுமந்துகொண்டு நேபாளத்துக்கும் இலங்கைக்கும் வியட்நாமுக்கும் புறப்படுகிற இளைஞர்களை இப்போது காண்கிறோம். எந்தத் தேதியில் எந்த ஊர், எந்த விடுதியில் எத்தனை இரவு என்பதெல்லாம் அவர்கள் கையிலுள்ள அட்டவணையில் திட்டமாக எழுதப்பட்டிருக்கிறது. அந்த அட்டவணை பாதி வழியில் முறிந்துபோனால் என்ன செய்வது என்பது மட்டும் அதில் எழுதப்பட்டிருப்பதில்லை.

அந்தப் பழைய பாதையில் வந்த பிரயாணிக்கும் அப்படித்தான் நேர்ந்தது. கொடுங்கோளூரில் சேர மன்னர் சேரமான் பெருமாளின் விருந்தினராகத் தங்கியிருந்த, நம்பி என்றும் அழைக்கப்படும் சுந்தரமூர்த்தி நாயனார், அம்மன்னர் மனமுவந்து அளித்த பொன்னையும் மணியையும் ஆடையாபரணங்களையும் ஆட்களின் தலைச்சுமையாக ஏற்றிக்கொண்டு திருவாரூருக்குத் திரும்பும் வழியில், அவிநாசிக்கும் திருப்பூருக்கும் இடையிலுள்ள திருமுருகன்பூண்டியின் அருகே, வேடுவர் கூட்டம் ஒன்று பாய்ந்து அத்தனை பொருளையும் பறித்துக்கொண்டது என்று சேக்கிழார் பெரியபுராணத்தில் சொல்கிறார். வேடர் வடிவில் வந்தவை சிவபெருமான் ஏவிய பூதகணங்களே என்பது புராணத்தின் தாத்பரியம். அந்த வேடர்கள் நம்பியின் அருகே வரவில்லை. அடியும் மிரட்டலும் பட்டவர்கள் சுமை தூக்கி வந்த ஏவலாளர்களே. அவர்கள் ஓடிவந்து முறையிட்டபோது நம்பி வேடரைத் துரத்திச் செல்லவில்லை. விதியை நொந்து வழியில் உட்கார்ந்துவிடவுமில்லை. அந்த ஊருக்கு உடையவர் எவரோ அவருடைய சந்நிதிக்கு நேரே சென்று, இத்தகைய வழிப்பறி நடக்கும் ஊரில் நீர் எதற்காகக் குடியிருக்கிறீர் என்று உரிமையோடு கேட்கும் பதிகத்தைப் பாடினார். பறிபோன பொருளெல்லாம் கோயில் வாசலில் வந்து குவிந்தது.

பக்தர்களுக்கு இது அருளின் சரித்திரம். பிரயாணிக்கோ இதில் ஒரு விவேகமும் அடங்கியிருக்கிறது. அந்நிய தேசத்தில் வழி மறிபட்டவன் முதலில் தேட வேண்டியது அவ்விடத்தில் தன்னைக் காக்கும் பொறுப்புடையவரை. அவரிடம் பேச வேண்டியது, யாசகனின் குரலிலன்று, உரிமையுடையவனின் குரலில்.

நம் காலத்தில் வேடுவர் பல ரூபங்களில் வருகிறார்கள். 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்தில் எரிமலை ஒன்று கக்கிய சாம்பல் ஐரோப்பாவின் ஆகாயத்தை ஏறக்குறைய ஒரு வார காலம் அடைத்துவிட, சுமார் ஒரு லட்சம் விமானங்கள் ரத்தாயின. அந்த எரிமலையின் பெயரைக் கூட அறியாத லட்சக்கணக்கான பிரயாணிகள் கண்டம் கண்டமாக அங்கங்கே நின்றுபோனார்கள். 2015 ஏப்ரல் 25 அன்று, நண்பகலுக்குச் சற்று முன்பு நேபாளத்தைக் குலுக்கிய பூகம்பம் ஏறத்தாழ 9,000 உயிர்களைக் கொண்டுபோனதோடு, மலைப்பாதைகளில் நடந்துகொண்டிருந்த பன்னாட்டு யாத்திரிகர்களையும் வழியற்றவர்களாக்கியது. கொரோனாத் தொற்றின் காரணமாக 2020 மார்ச் 22-க்குப் பின் இந்தியாவுக்கு வரும் சர்வதேச விமானங்கள் நிறுத்தப்பட்டபோது, கையில் திரும்பும் டிக்கெட்டை வைத்திருந்தவனும் அது வெறும் காகிதமாகிவிட்டதைக் கண்டான்.

இத்தகைய நாட்களில் உதவுவதற்கென்று உலகத்தார் கூடி வகுத்த ஏற்பாடுகள் உண்டு. 1963-ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை, தன் நாட்டுப் பிரஜைக்கு உதவி செய்வதைத் துணைத் தூதரகத்தின் பணிகளுள் ஒன்றாகவே வரையறுக்கிறது. ஒருவன் அந்நிய நாட்டில் கைது செய்யப்பட்டால், தன் தூதரகத்துக்குத் தகவல் அனுப்பக் கோரும் உரிமையையும் அவனுக்கு அளிக்கிறது. பாஸ்போர்ட் தொலைந்தவனுக்குத் தாய்நாடு திரும்புவதற்கு மட்டும் செல்லுபடியாகும் அவசரச் சான்றிதழை நம் தூதரகங்கள் வழங்குகின்றன. 2009-இல் ஏற்படுத்தப்பட்ட இந்திய சமுதாய நல நிதியிலிருந்து, உண்மையிலேயே கதியற்று நிற்கும் இந்தியருக்குத் தங்குமிடமும் உணவும், தேவையானால் விமானச் செலவும், அவரவர் நிலைமையை ஆராய்ந்து கொடுக்க இடமிருக்கிறது. ஆயினும் தான் இன்ன நாட்டில் இன்ன இடத்தில் இருப்பதாகத் தெரிவிக்காதவனைத் தேடிக் கண்டுபிடிப்பது எந்தத் தூதரகத்துக்கும் எளிதன்று. ஆகவே, வழி மறிபட்ட அன்றே, கையிருப்பும் கைப்பேசியின் மின்சாரமும் தீர்ந்துபோவதற்கு முன்பே, தூதரகத்துக்கும் வீட்டுக்கும் இருப்பிடத்தைத் தெரிவித்துவிட வேண்டும். விசாக் கெடு முடிவதற்குள் அந்நாட்டுக் குடியேற்ற அலுவலகத்தில் நீட்டிப்புக்கு எழுதிக்கொடுத்து, கொடுத்ததற்கான அத்தாட்சியையும் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். கெடு கடந்தபின் சொல்லும் காரணம் எவ்வளவு நியாயமானதாயினும் பலவீனப்பட்டுவிடுகிறது. இவற்றையெல்லாம் செய்தபின் பொறுத்திருக்கவும் தெரிந்திருக்க வேண்டும். 2020-இல் வெளிநாடுகளில் சிக்கியவர்களை அழைத்துவரும் வந்தே பாரத் விமானங்கள் மே 7-ஆம் தேதியன்றுதான் தொடங்கின. கடற்படையின் ஜலாஷ்வா கப்பல் கொழும்பிலிருந்து 600-க்கும் மேற்பட்டோரை ஏற்றிக்கொண்டு தூத்துக்குடியை அடைந்தது ஜூன் 2-ஆம் தேதியன்று.

அந்த இடைக்காலத்தில் பிரயாணியைத் தாங்குவது எது? சட்டம் வந்து சேரும்வரை அவனுக்குச் சோறு போடுகிறவர்கள் அந்த ஊர் மனிதர்களே. நேபாள பூகம்பத்தின்போது, அங்கே சிக்கிய பிற நாட்டார் இந்தியா வழியாகத் தாயகம் திரும்பும் பொருட்டு நம் அரசாங்கம் கட்டணமின்றி விசா வழங்கியதும் வழி மறிபட்டவனைத் தாங்கும் இதே தர்மத்தின் விரிவுதான்.

இங்கே நம்பியின் இரண்டாவது யாத்திரையை நினைக்க வேண்டும். மறுபடியும் சேரமானைக் காணச் செல்லும் வழியில் திருப்புக்கொளியூர் அவிநாசியை அடைந்தபோது, எதிரெதிரே இருந்த இரண்டு வீடுகளில் ஒன்றில் உபநயனத்தின் மங்கல ஓசையும் மற்றொன்றில் அழுகையும் கேட்டன. குளிக்கச் சென்ற இரண்டு சிறுவர்களில் ஒருவனை முன்பு முதலை விழுங்கிவிட்டது என்றும், பிழைத்தவனுக்கு இன்று பூணூல் என்றும், இழந்த வீட்டார் அழுகின்றனர் என்றும் அறிந்த நம்பி, சேரமான் காத்திருக்கிறார் என்று நடையைக் கட்டவில்லை. குளக்கரைக்குச் சென்று பதிகம் பாட, முதலை பிள்ளையைத் திருப்பித் தந்தது. முந்திய யாத்திரையை வேடர் மறித்தார்கள். இதை மறித்துக்கொண்டவர் நம்பியே.

2020-இன் ஊரடங்கு வாரங்களில் இதே திருப்பூர் வட்டாரத்தில் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தொழிலாளர்கள், கம்பெனிகள் மூடப்பட்டு, ரயிலும் நின்று, பாஷை தெரியாத ஊரில் மே மாதத்துச் சிறப்பு ரயில்களுக்காகக் காத்துக் கிடந்தார்கள். தேச எல்லையைக் கடக்காவிட்டாலும் அவர்கள் வழி மறிபட்டவர்களே. அவர்களுக்காகத் தம் அன்றாட ஏற்பாட்டை நிறுத்திக்கொண்டு அரிசியும் பருப்பும் கொண்டுபோய்க் கொடுத்தவர்கள், அறிந்தோ அறியாமலோ நம்பியின் இரண்டாவது யாத்திரையில் நடந்தவர்கள். அந்நிய நாட்டில் நமக்கு ஒரு கதவு திறக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும் உரிமை, நம் வாசலில் நிற்பவனுக்குக் கதவைத் திறந்தவர்களுக்கே முழுமையாக உண்டு. பையைக் கட்டும் இளைஞர்கள் அட்டவணையில் இரண்டு நாட்களை எழுதாமல் விட்டு வைக்கட்டும்: ஒன்று, வழி மறிபட்டால் தாங்குவதற்கு, மற்றொன்று, வழி மறிபட்ட வேறொருவனைக் கண்டால் அவனோடு நிற்பதற்கு.

அடுத்த வாரம், முதல் உலக யுத்தத்துக்குப் பிறகு பாஸ்போர்ட் என்னும் ஆவணம் உலகமெங்கும் பிரயாணிகளுக்குக் கட்டாயமான வரலாற்றைப் பார்ப்போம்.

(தொடரும்)