அசையாத தசைக்கு உயிர் இருக்கிறதா?

கண்ணு, உன் வலது கையை இறுக்கி மடக்கு. திற. மறுபடி மடக்கு. உன் இதயம் கிட்டத்தட்ட அந்தக் கைமுட்டி அளவுதான் இருக்கும். சுருங்குவதும் விரிவதும்தான் அதன் வேலை. ஒரு நாளைக்குச் சுமார் 1 லட்சம் முறை! நீ ஒரு நிமிடம் விடாமல் மடக்கித் திறந்தாலே கை கடுக்க ஆரம்பித்துவிடும். செய்து பார்த்தாயா? சபாஷ்!

இப்போது ஒரு கேள்வி. ஒரு தாத்தாவுக்கு மாரடைப்பு வந்தது. நல்ல வேளையாகப் பிழைத்துவிட்டார். இனி அவர் இதயம் பழையபடி வேலை செய்யுமா? அது டாக்டருக்கு முன்கூட்டியே எப்படித் தெரியும்? இப்படித் துருவித் துருவிக் கேட்கிற பிள்ளைகளை எனக்கு ரொம்பப் பிடிக்கும். வா, மாமா சொல்கிறேன்.

இதயம் முழுக்கத் தசைதான். அந்தத் தசைக்கும் பசிக்கும் அல்லவா? அதற்குச் சாப்பாடும் ஆக்சிஜனும் கொண்டுவர, இதயத்தின் மேலே தனியாக ரத்தக்குழாய்கள் படர்ந்திருக்கின்றன. பெரிய குழாயின் அகலமே 3, 4 மில்லிமீட்டர்தான். அதன் உள்சுவரில் கொழுப்பு படிந்து, அந்தப் படிவு ஒருநாள் வெடித்து, அங்கே ரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டால் அதுதான் மாரடைப்பு. அந்தக் குழாயை நம்பியிருந்த தசை பட்டினி கிடக்கும். வெகுநேரம் பட்டினி கிடந்த தசை செத்துப்போய், சில வாரங்களில் தழும்பாக மாறிவிடும். தழும்பு சுருங்காது.

இங்கேதான் ஒரு புதிர் இருக்கிறது. மாரடைப்புக்குப் பிறகு அசையாமல் கிடக்கும் தசை எல்லாமே செத்த தசை இல்லை! கொஞ்சம் தசை அதிர்ச்சியில் உறைந்துபோயிருக்கும். 1982-இல் யூஜின் பிரான்வால்ட், ராபர்ட் குளோனர் என்ற இரண்டு டாக்டர்கள் இதைப் பற்றி விரிவாக எழுதினார்கள். ரத்தம் திரும்ப வந்துவிட்டால், சில நாட்களிலோ வாரங்களிலோ இந்தத் தசை தானாகவே எழுந்துவிடும். இன்னொரு வகைத் தசைக்கு நாள்கணக்கில் குறைந்த ரத்தமே கிடைத்துவரும். அது வேலையைக் குறைத்துக்கொண்டு உயிரை மட்டும் காப்பாற்றிக்கொள்ளும். மும்பையில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய ஷாபுதீன் ரஹிம்தூலா என்ற டாக்டர் இதை உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர். பனிக்காலம் முழுக்கத் தூங்கும் விலங்குகளை நினைத்து, இதை உறங்கும் தசை என்றார்கள்.

புரிகிறதா? செத்த தசையும் அசையாது, உறங்கும் தசையும் அசையாது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். எப்படிப் பிரித்துச் சொல்வது?

கோடையில் தண்ணீர் இல்லாமல் இலையெல்லாம் கொட்டிப்போன மாங்கன்றைப் பார்த்திருப்பாய். பாட்டி அதை உடனே பிடுங்கிப் போட்டுவிடுவாரா? மாட்டார். நகத்தால் பட்டையை லேசாகக் கீறிப் பார்ப்பார். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது, தண்ணீர் ஊற்றலாம். இதயத்தைக் கீறிப் பார்க்க முடியாதே! அதனால் டாக்டர்கள் இதயத்துக்குக் கொஞ்சம் வேலை கொடுத்துப் பார்க்கிறார்கள். அதுதான் ஸ்ட்ரெஸ் எக்கோ.

முதலில் எக்கோ என்றால் என்ன என்று பார்ப்போம். நம் காதுக்கு நொடிக்கு 20,000 அதிர்வு வரைதான் கேட்கும். எக்கோ கருவி நொடிக்கு 20 லட்சத்துக்கும் மேல் அதிரும் ஒலியை நெஞ்சுக்குள் அனுப்புகிறது. அது இதயச் சுவரில் பட்டுத் திரும்புவதை வைத்துத் திரையில் படம் வரைகிறது. இதைத் தொடங்கிவைத்தவர்கள் ஸ்வீடனில், லுண்ட் நகரத்தில் இருந்தார்கள். டாக்டர் இங்கெ எட்லர், இயற்பியலாளர் ஹெல்முத் ஹெர்ட்ஸ். ஆண்டு 1953. அந்த நாளில் இப்படிப்பட்ட ஒலிக்கருவி எங்கே இருந்தது தெரியுமா? கப்பல் கட்டும் தளத்தில்! உலோகத்துக்குள் விரிசல் இருக்கிறதா என்று தேடுவதற்கு வைத்திருந்தார்கள். இரும்புக்குள் பார்க்கிற கருவியால் நெஞ்சுக்குள்ளும் பார்க்கலாம் என்று யோசித்த அந்த இரண்டு பேரையும் நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான்.

இனி, சோதனை நடக்கும் அறைக்குள் போவோம். தாத்தா இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்திருக்கிறார். நெஞ்சில் சில்லென்று ஜெல் தடவி, விலா எலும்புகளுக்கு நடுவே கருவியை வைக்கிறார்கள். திரையில் இதயச் சுவர் சாம்பல் நிறப் பட்டையாகத் தெரிகிறது. நன்றாக இருக்கும் சுவர் ஒவ்வொரு துடிப்பிலும் தடித்து உள்பக்கமாக வரும். தாத்தாவின் இதயத்தில் ஒரு பகுதி மட்டும் அப்படியே நிற்கிறது.

இப்போது கையில் உள்ள ரத்தக்குழாய் வழியாக டோபுடமின் என்ற மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றுகிறார்கள். 60 கிலோ எடை உள்ளவருக்கு முதலில் நிமிடத்துக்கு 0.3 மில்லிகிராம்தான். "கொஞ்சம் பலமாகச் சுருங்கு" என்று இதயத்தை அது தூண்டும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை அளவைக் கூட்டுவார்கள். இ.சி.ஜி., ரத்த அழுத்தம் இரண்டையும் கவனித்துக்கொண்டு டாக்டர் பக்கத்திலேயே இருப்பார். ஒவ்வொரு கட்டத்திலும் எடுத்த படத்தை ஒரே திரையில் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டு ஒப்பிடுவார்.

கடைசி வரை அந்தப் பகுதி அசையவே இல்லை என்றால், பெரும்பாலும் அது தழும்பு. குறைந்த மருந்திலேயே அசைய ஆரம்பித்து, கூட்டக் கூட்ட நன்றாகச் சுருங்கினால், அதிர்ச்சியிலிருந்து எழுந்து வருகிற தசை.

மூன்றாவது ஒன்று இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். குறைந்த மருந்தில் அந்தப் பகுதி அசைகிறது. மருந்தைக் கூட்டினால் மறுபடி நின்றுவிடுகிறது! மோசமான செய்தி என்று நினைக்கிறாயா? அவசரப்படாதே, யோசித்துப் பார். அசைந்ததால் உயிர் இருப்பது உறுதி. பிறகு ஏன் நின்றது? வேலை கூடியபோது அதற்கு ஏற்ற ரத்தம் வரவில்லை. அப்படியானால் குழாய் இன்னும் குறுகலாக இருக்கிறது. இதுதான் நாம் பார்த்த உறங்கும் தசை. அந்தக் குழாயை ஸ்டென்ட் என்ற சின்ன வலைக்குழாய் வைத்தோ பைபாஸ் அறுவை மூலமோ சரிசெய்தால், மீண்டும் நன்றாகச் சுருங்குவதற்கு அதிக வாய்ப்புள்ள தசை இதுதான்! எழுந்ததும் சொன்னது, விழுந்ததும் சொன்னது, பார்த்தாயா?

ஆனால் தசை எழுந்துவிடும் என்பது ஒன்று, தாத்தா நீண்ட நாள் நலமாக இருப்பார் என்பது இன்னொன்று. பிரிட்டனில் இதயம் மிகவும் பலவீனமான 700 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2022-இல் வந்தது. எல்லோருக்கும் உயிருள்ள தசை இருப்பதைப் பார்த்துத்தான் சேர்த்தார்கள். ஒரு பாதிப் பேருக்கு மருந்தோடு ஸ்டென்ட்டும் வைத்தார்கள், மறு பாதிக்கு மருந்து மட்டும். இரண்டு கூட்டத்துக்கும் பெரிய வித்தியாசமே தெரியவில்லை!

அதனால் உயிருள்ள தசை எவ்வளவு என்பதோடு, தழும்பு எவ்வளவு என்றும் இப்போது பார்க்கிறார்கள். அதற்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் உதவுகிறது. காடோலினியம் கலந்த மருந்தைச் செலுத்தினால் அது தழும்பில் தங்கி, படத்தில் வெள்ளையாகத் தெரியும். சுவரின் தடிமனில் பாதிக்கு மேல் வெள்ளையாக இருந்தால் அந்த இடம் மறுபடி நன்றாகச் சுருங்கும் வாய்ப்பு குறைவு. வெள்ளை மெல்லிய கோடாக மட்டும் இருந்தால் டாக்டர் நம்பிக்கையோடு பேசுவார்.