பாய்மரக் கழகமும் பதுளைக் காற்றும்

பதுளையில் கடல் இல்லை. எத்திசையில் மலையிறங்கினாலும் கடலோரம் சேர்வதற்கு நெடுந்தூரம் செல்லவேண்டும். ஆயினும் பாய்மரப் படகோட்டிகள் எந்தக் காற்றைக் கணக்கிட்டுத் தமது பந்தயப் பருவத்தை வகுக்கின்றனரோ, அதே காற்றைத்தான் ஊவாத் தேயிலைத் தோட்டங்களும் ஆண்டுதோறும் எதிர்நோக்கியிருக்கின்றன.

மே மாதம் தொடக்கம் செப்டெம்பர் வரை தென்மேற்கிலிருந்து வீசுவது சோழகம். டிசெம்பர் தொடக்கம் பெப்ரவரி வரை வடகிழக்கிலிருந்து வருவது வாடை. சோழகம் வீசுங்கால் மேற்குக் கரையில் கடல் கொந்தளிக்கும். கொழும்புத் துறையில் தங்கிய கப்பல்கள் பட்ட பாட்டை நீக்கவே 1875ஆம் ஆண்டில் அங்கே அலைதாங்கிக்கு அடிக்கல் நாட்டப்பெற்று, 1885இல் வேலை முடிவெய்தியது. ஆகவே மேற்குக் கரையினர் திறந்த கடலில் பாய் விரிப்பதற்கு உகந்தது வாடைக் காலமே. சோழக காலத்தில் பொல்கொடை வாவி போன்ற உள்நாட்டு நீர்நிலைகள் கைகொடுக்கும். திருகோணமலையிலோ நிலைமை நேர்மாறானது. அங்கே சோழகம் தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால் கரையோர நீர் அடங்கிக் கிடக்கும்.

பாய்மரக் கழகம் என்பது ஆங்கிலேயர் துறைமுக நகரங்களுக்குக் கொண்டுவந்த வழக்கம். சென்னையில் 1911ஆம் ஆண்டு துறைமுகத் தலைவராயிருந்த சேர் பிரான்சிஸ் ஸ்பிரிங் தோற்றுவித்த கழகம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கழகத் தலைவருக்குக் கொமடோர் என்று பெயர். பருவத் தொடக்க நாளில் படகுகள் அணிவகுக்கும். வார இறுதிகளில் பந்தயம் நடக்கும். முடிவில் கிண்ணங்களும் விருந்தும் உண்டு. யாருடைய பாய் கிழிந்தது, யார் கவிழ்ந்தார் என்னும் பேச்சு, வென்றவரின் பெயரைவிட நீண்டகாலம் நிலைத்திருப்பது வழக்கம். அதிகாலையில் படகை நீரில் இறக்கி, மாலையில் அதனைக் கரையேற்றும் கூலியாளரின் பெயர் மட்டும் எந்தக் கிண்ணத்திலும் பொறிக்கப்படுவதில்லை.

பந்தயத்தின் நுட்பம் யாதெனில், எந்தப் படகும் காற்றுக்கு நேரெதிரே செல்ல இயலாது என்பதாகும். ஏறத்தாழ 45 பாகை விலகி, இடமும் வலமுமாக மாறி மாறித் திரும்பியே காற்று வரும் திசையிலுள்ள மிதவையை அடையவேண்டும். மலைப்பாதை கொண்டையூசி வளைவுகளாக ஏறுவதைக் கண்ட பதுளை மக்களுக்கு இது எளிதில் விளங்கும். தொடக்கத்துக்கு 5 நிமிடம், 4 நிமிடம், 1 நிமிடம் முன்னதாக ஒலியும் கொடியும் அறிவிப்புத் தரும். முந்திக் கோட்டைக் கடந்தவர் திரும்பி வந்து மீண்டும் தொடங்கவேண்டும். முதலாவதாக வந்தவருக்கு 1 புள்ளி, இரண்டாமவருக்கு 2 புள்ளி. பருவ முடிவில் மிகக் குறைந்த கூட்டுத்தொகை பெற்றவரே வெற்றியாளர். மிக மோசமான ஓட்டமொன்றைக் கணக்கிலிருந்து நீக்கிவிடும் சலுகையும் உண்டு.

இனி, அந்தச் சோழகம் மலையேறும் கதைக்கு வருவோம். மேற்குச் சரிவுகளில், அட்டன், டிக்கோயாப் பகுதிகளில், அது தன் மழையைக் கொட்டிவிடுகின்றது. முகடு கடந்து ஊவாவில் இறங்கும்போது ஈரம் நீங்கி உலர்ந்த கச்சானாகின்றது. யூலை முதல் செப்டெம்பர் வரை இக்காற்றில் தேயிலைச் செடி தளர்ந்து, கொழுந்து மெல்லத் துளிர்க்கும். அந்தக் கொழுந்திலேதான் ஊவாத் தேயிலைக்குப் புகழ் தேடித்தந்த நறுமணம் பிறக்கின்றது. 1883 முதல் நடந்துவரும் கொழும்புத் தேயிலை ஏலத்தில் அதற்குத் தனி மதிப்பு.

ஆனால் கொழுந்து குறைந்தால் கூடையும் குறையும். நிறுத்துப் பார்க்கும் தராசு மணத்தை அறியாது, எடையை மட்டுமே அறியும். குறித்த அளவு நிறையாத நாளில் கொழுந்து பறிப்பவளுக்கு முழுப்பேர் கிடைப்பது அரிது. அரைப்பேரோடு லயத்துக்குத் திரும்ப நேரிடும். மோசமான நாளைக் கணக்கிலிருந்து நீக்கிவிடும் சலுகை அவளுக்கில்லை. உயர்ந்த விலை பெறும் மாதங்களிலேயே தொழிலாளியின் கூடை இலேசாகின்றது என்பதைத் தோட்டத்துரைமாரும் கங்காணிமாரும் நன்கறிவர்.

ஒக்டோபரில் காற்றுத் திரும்பத் தொடங்கும். பின்னர் வாடை பதுளைக்குப் பெருமழை கொண்டுவரும். செடிகள் மீண்டும் தழைக்க, கூடைகள் நிறையும். அதே நாட்களில் திருகோணமலைக் கடலில் அலை எழும்பப் படகுகள் கரையேற்றப்படும். கொழும்பில் மடித்து வைத்த பாய்கள் வெளியே வரும்.