பாட்டியின் வேதாகமம் யார் கையில்?



நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் செல்லும் பேருந்தில் நீங்கள் பயணம் செய்திருக்கக்கூடும். களியக்காவிளையைக் கடந்ததும் கடைகளின் பெயர்ப்பலகைகள் தமிழிலிருந்து மலையாளத்திற்கு மாறிவிடுகின்றன. ஆனால் மண் மாறுவதில்லை. தென்னையும் ரப்பரும் மரச்சீனியும் இருபுறமும் ஒன்றுபோலவே வளர்கின்றன. ஊர்ப் பெயர்களும் உறவு சொல்லுகின்றன. இப்பால் களியக்காவிளை, அப்பால் இஞ்சிவிளை, அமரவிளை. பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதியின் எல்லைக் கிராமங்களில், ஒரே வீட்டில் இரு மொழிகளும் பேசப்படுவதை இன்றும் கேட்கலாம்.

சில ஆண்டுகளுக்கு முன் பாறசாலைக்கு அருகே ஒரு வீட்டிற்கு ஜெபிக்கச் சென்றிருந்தேன். நோயுற்றுப் படுத்திருந்த மூதாட்டியைப் பார்க்க, நகரத்தில் வேலை செய்யும் மகன் குடும்பத்தோடு வந்திருந்தார். அந்தத் தாயார் தலைமாட்டிலிருந்த பழைய தமிழ் வேதாகமத்தை எடுத்துப் பேரனிடம் நீட்டி, "மக்களே, பாட்டிக்கு ஒரு சங்கீதம் வாசி" என்றார். பதினான்கு வயதுடைய அந்தப் பிள்ளை புத்தகத்தைத் திறந்தான், பக்கங்களைப் புரட்டினான், பின்பு தலைகுனிந்தான். அவனுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. மலையாளமும் தெரியாது. தகப்பனார் வேதாகமத்தை வாங்கி வாசித்தார். அவருடைய குரல் தழுதழுத்தது. அந்தக் காட்சியை என்னால் மறக்க இயலவில்லை.

எல்லைக்கு முந்திய நாட்கள்

இவ்விரு பகுதிகளும் ஒரு காலத்தில் திருவிதாங்கூர் என்னும் ஒரே சமஸ்தானத்தில் இருந்தன. 1806-ஆம் ஆண்டு ரிங்கல்தௌபே ஐயர் தெற்குத் திருவிதாங்கூருக்குச் சுவிசேஷத்தைக் கொண்டுவந்தார். அவருக்குப் பின் லண்டன் மிஷன் ஊழியம் மயிலாடியிலிருந்து நாகர்கோவில், நெய்யூர், பாறசாலை எனப் பரவியது. சபையோடு பள்ளியும் வந்தது. ஒடுக்கப்பட்ட மக்கள் எழுத்தறிந்தார்கள். பெண்கள் தோள்சீலை அணியும் உரிமைக்காகப் பாடுபட்டார்கள். 1859-இல் அரச பிரகடனத்தின் மூலம் ஓரளவு உரிமை பெற்றார்கள். நம் முன்னோருக்கு வேதம் வாசிப்பதும் மனிதராய்த் தலைநிமிர்வதும் ஒன்றாகவே வந்தன என்பதை நாம் மறக்கலாகாது.

1956 நவம்பர் 1-ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு, அன்றைய சென்னை மாநிலத்தோடு, இணைந்தன. அதற்காக மார்ஷல் நேசமணி அவர்கள் தலைமையில் பெரும் போராட்டம் நடந்தது. 1954 ஆகஸ்ட் 11-இல் புதுக்கடையிலும் மார்த்தாண்டத்திலும் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. நெய்யாற்றின்கரைத் தாலுகாவையும் தமிழர் தலைவர்கள் கேட்டிருந்தார்கள். அது கேரளத்தில் நிலைத்தது. அண்ணன் ஒரு மாநிலத்திலும் தங்கை மறு மாநிலத்திலுமாகக் குடும்பங்கள் பிரிந்தன. அதே 1956-இல் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட 350-அ பிரிவு, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்கப் போதிய வசதி செய்ய மாநிலங்கள் முயல வேண்டும் என்கிறது.

எனினும் இங்கே இரு மொழிகளும் பகைவராய் வாழவில்லை. நெய்யாற்றின்கரைக்கு அருகிலுள்ள திருப்புறத்தில் பிறந்த மோசவத்சலம் சாஸ்திரியார் (1847–1916) மலையாளத்தில் இயற்றிய கீர்த்தனைகளைக் கேரளத் திருச்சபைகள் இன்றும் பாடுகின்றன. சற்று அப்பால் பாலராமபுரத்தில், பாலராமவர்மா மன்னர் காலத்தில் தமிழ்ப் பகுதிகளிலிருந்து வந்து குடியேறிய சாலியர் குடும்பங்கள் நெய்யத் தொடங்கிய கைத்தறி, கேரளத்தின் பெருமையாகவே இன்று மதிக்கப்படுகிறது.

அயர்லாந்து தரும் பாடம்

இதைப் போன்ற ஒரு கதை கடல் கடந்த அயர்லாந்து தேசத்திலும் உண்டு. அந்தத் தேசம் நமக்கு அந்நியமானதன்று. தமிழும் மலையாளமும் ஒரே குடும்பத்து மொழிகள் என்பதை 1856-இல் தமது ஒப்பிலக்கண நூலில் விளக்கிய கால்டுவெல் ஐயர் 1814-இல் அங்கே பிறந்தவர். டோனாவூரில் ஆதரவற்ற பிள்ளைகளைத் தாயாய் வளர்த்த ஏமி கார்மைக்கேல் அம்மையாரும் அந்நாட்டில் பிறந்தவரே.

அயர்லாந்து மக்களுக்கு ஐரிஷ் என்னும் சொந்த மொழி உண்டு. அம்மொழியில் புதிய ஏற்பாடு பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும், பழைய ஏற்பாடு 1685-லும் அச்சாயின. ஆனால் ஆட்சியும் நீதிமன்றமும் வணிகமும் ஆங்கிலத்தில் நடந்தன. 1831-இல் தொடங்கிய அரசு ஆதரவுப் பள்ளிகளில் ஆங்கிலமே கற்பிக்கப்பட்டது. பல இடங்களில் பிள்ளையின் கழுத்தில் ஒரு கோலைக் கட்டினார்கள். அவன் ஐரிஷ் பேசுந்தோறும் அதில் ஒரு வெட்டு. மாலையில் வெட்டுகளை எண்ணி அடி. வருந்தத்தக்க செய்தி என்னவெனில், இதற்குப் பெற்றோரே உடன்பட்டார்கள். பிள்ளை பிழைக்க வேண்டுமானால் ஆங்கிலம் வேண்டும் என்று எண்ணினார்கள். 1845-இல் உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பெரும் பஞ்சம் வந்தது. ஏறக்குறைய பத்து லட்சம் பேர் மாண்டார்கள். அதற்குக் குறையாத தொகையினர் கப்பலேறினார்கள். அவர்களோடு மொழியும் வீட்டை விட்டுப் போயிற்று.

பின்பு அத்தேசத்தார் விழித்துக்கொண்டார்கள். 1893-இல் மொழியைக் காக்கச் சங்கம் அமைத்தார்கள். 1937-ஆம் ஆண்டின் அரசியலமைப்பு ஐரிஷ் மொழியை முதல் ஆட்சிமொழியாக்கியது. பள்ளிகளிலும் கற்பிக்கிறார்கள். பலன் என்ன? 2022-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சுமார் 18.7 லட்சம் பேர் ஐரிஷ் பேச இயலும் என்றார்கள். ஆனால் பள்ளிக்கு வெளியே அன்றாடம் பேசுவோர் ஏறத்தாழ 72,000 பேரே. மார்ச் 17-இல் பரிசுத்த பேட்ரிக்கின் நாளை உலகமெங்குமுள்ள ஐரிஷ் வழியினர் கொண்டாடுகிறார்கள். அவர்களுடைய இசையும் நடனமும் வாழ்கின்றன. பண்டிகையைக் காப்பது எளிது. அன்றாடப் பேச்சைக் காப்பது அரிது. சட்டமும் பள்ளியும் துணைசெய்யும். ஆயினும் தாய் பிள்ளையோடு பேசாத மொழியை அவற்றால் வீட்டிற்குள் திரும்பக் கொண்டுவருவது மிகக் கடினம்.

வேதம் காட்டும் வழி

பிரியமானவர்களே, பெந்தெகொஸ்தே நாளை நினைத்துப் பாருங்கள். அப்போஸ்தலர் 2-ஆம் அதிகாரத்தின்படி, எருசலேமில் கூடியிருந்தவர்கள் தேவனுடைய மகத்துவங்களைத் தாங்கள் பிறந்த தேசத்து மொழியிலேயே கேட்டார்கள். ஆவியானவர் ஒரே மொழியை எல்லார்மேலும் சுமத்தவில்லை. அவரவர் தாய்மொழியைக் கனம்பண்ணினார். அந்த அனுபவத்தைச் சாட்சியிடும் நாம் நம் தாய்மொழியை அற்பமாய் எண்ணலாமா?

மறுபுறம் ஓர் எச்சரிக்கையும் உண்டு. நியாயாதிபதிகள் 12-ஆம் அதிகாரத்தில், ஒரே ஒரு சொல்லைச் சரியாக உச்சரிக்காததனால் யோர்தான் துறையில் சகோதரர் சகோதரரைக் கொன்றார்கள். மொழி பட்டயமாகக்கூடாது. ஆகையால் நீங்கள் வாழும் நகரத்தின் மொழியையும் கற்றுக்கொள்ளுங்கள். அயலானை அவனுடைய மொழியிலேயே நேசியுங்கள்.

தீமோத்தேயுவின் விசுவாசம் முதலில் பாட்டி லோவிசாளிடத்திலும் தாய் ஐனிக்கேயாளிடத்திலும் இருந்தது என்று பவுல் நினைவுகூருகிறார். பாட்டிக்கும் பேரனுக்கும் பொதுவான மொழி இல்லாவிட்டால் அந்தச் சாட்சி எப்படிக் கைமாறும்? பாட்டியின் ஜெபத்தைக் கர்த்தர் கேட்பார். பேரன் அதைப் புரிந்துகொள்ள வேண்டாமா?

சென்னையிலோ பெங்களூரிலோ மும்பையிலோ வசிக்கும் அன்பான பெற்றோரே, இன்றிரவே தொடங்குங்கள். குடும்ப ஜெபத்தில் ஒவ்வொரு பிள்ளையும் தமிழில் ஒரு வசனம் வாசிக்கட்டும்; எழுத்துக்கூட்டி வாசித்தாலும் சிரிக்காதீர்கள். ஓய்வுநாள் பள்ளியில் தமிழ் எழுத்துக்கென்று பதினைந்து நிமிடம் ஒதுக்குமாறு உங்கள் போதகரிடம் கேளுங்கள். ஊரிலுள்ள பாட்டியோடு தொலைபேசியில் பேசும்போது, பிள்ளையே தமிழில் ஜெபித்து முடிக்கட்டும். விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது, முன்னோர் எப்படி இரட்சிக்கப்பட்டார்கள் என்று பெரியவர்கள் வாயால் கேட்கச் செய்யுங்கள்.

நான் மேலே சொன்ன அந்தத் தாயார் அடுத்த ஆண்டு கர்த்தருடைய சமுகத்திற்குச் சென்றார்கள். அடக்க ஆராதனைக்கு அந்தப் பேரன் வந்திருந்தான். இடைப்பட்ட மாதங்களில் தகப்பனார் அவனுக்கு எழுத்துக் கற்பித்திருந்தார். பாட்டியின் வேதாகமத்தைக் கையிலெடுத்து, தடுமாறித் தடுமாறி இருபத்துமூன்றாம் சங்கீதத்தை முழுவதும் வாசித்தான். பாட்டி அதைக் கேட்க அங்கே இல்லை என்பதுதான் எங்களுக்குத் துக்கம்.

உங்கள் வீட்டில் இன்னும் காலம் இருக்கிறது. அந்தக் காலத்தை ஆதாயப்படுத்திக்கொள்ளக் கர்த்தர்தாமே உங்களுக்குக் கிருபை செய்வாராக. ஆமென்.